ஒலி மட்டும் போதும் என்றால் டிஸ்க் ஏன் படம் கேட்கிறது?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள். வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

சங்கராபுரம் பக்கம் வீடியோ ஸ்டுடியோ நடத்தும் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய ஆயா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் நாலைந்து கேசட்டில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒரு ப்ளூ-ரே டிஸ்க்கில் போட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுக்க நினைத்தார். டிஸ்க் கட்டும் மென்பொருள், "படம் இல்லை" என்று நின்றுவிட்டது. ஆயாவின் புகைப்படம் ஒன்றை வைத்தார். அடுத்து, "இந்த ஒலிக்கோப்பு செல்லாது" என்றது. கோப்பில் ஏதோ ஓர் எண்ணை மாற்றி ஏற்க வைத்தார். டிஸ்க் ஓடியது, ஆனால் ஆயாவின் கனத்த குரல் சின்னப் பிள்ளையின் கீச்சுக் குரலாகிவிட்டது. "பாட்டு மட்டும் கேட்டால் போதும் சார், இதற்கு எதற்குப் படம்? குரல் எப்படி மாறும்?" என்று கேட்டார்.

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. ஒலியும் படமும் கடந்த நூறு ஆண்டுகளாகச் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்த கதை அது.

முதலில் இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அதன்பின் நம் நாடெங்கும் இசைத்தட்டு பரவியது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடப் பாட்டு. சினிமாவோ ஊமைப்படம். கொட்டகையில் ஆர்மோனியமும் தபேலாவும் வாசிப்பார்கள். ஒருவர் நின்று கதை சொல்வார். படத்தை ஓட்டும் வேகமும் நிலையாக இல்லை. ஆபரேட்டர் கைப்பிடியைச் சுற்றும் வேகம்தான் படத்தின் வேகம்.

1926-இல் அமெரிக்காவில் வார்னர் சகோதரர்கள் வைட்டாஃபோன் என்ற முறையில் 'டான் ஜுவான்' படத்தை வெளியிட்டார்கள். ஒலி பிலிமில் இல்லை; 16 அங்குலத் தட்டு ஒன்றில் தனியாக இருந்தது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். ஒரு ரீல் படத்துக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். பிலிமில் குறியிட்ட கட்டத்தை இயந்திரத்தில் பொருத்த வேண்டும். தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் ஊசியை வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே மோட்டாரில் ஓட்ட வேண்டும். பிலிம் அறுந்து இரண்டு கட்டம் குறைந்தாலும் அந்த இடத்தில் அதே அளவு கறுப்புப் பிலிமை ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கதாநாயகன் வாயில் கதாநாயகி குரல் வரும். தட்டும் சுமார் 20 முறைக்கு மேல் தாங்காது, தேய்ந்துவிடும்.

இங்கே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தை எந்த வேகத்திலும் ஓட்டலாம், கண் பொறுத்துக்கொள்ளும். ஒலியை வேகம் மாற்றி ஓட்டினால் காது பொறுக்காது. அதனால்தான் பேசும்படம் வந்தபோது நொடிக்கு 24 கட்டம் என்று படத்தின் வேகத்தை நிலைப்படுத்தினார்கள். அன்று ஒலிக்காகப் படம் கட்டுப்பட்டது. பின்னால் இது தலைகீழாக மாறியது.

தட்டு முறை வெகு நாள் நிற்கவில்லை. பிலிமின் ஓரத்திலேயே ஒலியை ஒளிக்கோடாகப் பதிவு செய்யும் முறை வென்றது. நம் நாட்டில் 1931 மார்ச் 14-இல் பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியான 'ஆலம் ஆரா' இந்த முறையில் எடுத்ததுதான். அதே ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. ஒருவர் தமிழிலும் மற்றவர் தெலுங்கிலும் பேசிய படம். ஆனாலும் தமிழின் முதல் பேசும்படம் என்ற பெயர் அதற்கே.

இந்த இரண்டு படங்களும் இன்று இல்லை. ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. ஆலம் ஆராவின் பாட்டுகள் தனி இசைத்தட்டாக வரவில்லை. அதனால் பிலிம் அழிந்தபோது பாட்டும் சேர்ந்தே அழிந்தது. காளிதாஸ் பாட்டுப் புத்தகம் மிஞ்சியது. அந்தப் படத்தில் ராஜலட்சுமி பாடிய குரலை நாம் கேட்க முடியாது. ஒலியைப் படத்தோடு ஒரே நாடாவில் ஒட்டி வைத்தது ஓட்டுவதற்கு வசதி. காப்பதற்கு அதுவே கேடாக முடிந்தது.

எதிர்மறை உதாரணமும் உண்டு. தேய்ந்து போகும், ஒத்து வராது என்று ஒதுக்கிய வைட்டாஃபோன் தட்டுகள் பல, படம் அழிந்த பிறகும் யார் யார் வீட்டிலோ பத்திரமாக இருந்தன. 1991-இல் தொடங்கிய வைட்டாஃபோன் திட்டம் என்ற முயற்சி அந்தத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, எஞ்சியிருந்த படச்சுருள்களோடு மீண்டும் சேர்த்து வருகிறது. தனியாக இருந்ததால்தான் பிழைத்தது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா என்றால் ரேடியோ செட் கட்டாமல் இருக்காது. தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி. கீழே ரெக்கார்டு மாற்றும் ஆள். பாட்டு மட்டும் அல்ல. 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' கதை வசனம் முழுக்க அதில் ஓடும். வயலில் களை எடுக்கும் பெண்கள் வசனத்தை வரி மாறாமல் சொல்வார்கள். பலர் அந்தப் படங்களைப் பார்த்ததே கிடையாது. வானொலியில் ஞாயிறு பிற்பகல் ஒலிச்சித்திரம் வரும். ஒரு முழுப்படத்தைச் சுருக்கி ஒலியாக மட்டும் தருவார்கள். இருந்த ஒரே ரேடியோவைச் சுற்றித் தெருவே உட்காரும். 1984-இல் 'விதி' படம் வந்தது. அதன் நீதிமன்ற வசனம் கேசட்டாக வந்து டீக்கடை, சலூன், பஸ் என்று ஒலிக்காத இடம் இல்லை.

படம் இல்லாமல் ஒலி மட்டும் போதும் என்பது நமக்குப் புதிதல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறேன். படத்தை மனதுக்குள் ஓட்டிக்கொள்ளத் தெரிந்த தலைமுறை அது.

கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் அறிமுகம் செய்தது. நம் பக்கம் வீட்டுக்கு வீடு வந்தது எண்பதுகளில்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் டேப் ரெக்கார்டரோடு திரும்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் கேசட்டில் பேசி அனுப்புவாள். மகன் அங்கிருந்து பேசி அனுப்புவான். இசைத்தட்டு நமக்குப் பெரிய பாடகர்களின் குரலைத் தந்தது. கேசட் தந்தது வீட்டு மனிதர்களின் குரலை. சாமானியர் குரல் முதல்முதலாகப் பதிவானது அந்தப் பத்து இருபது ஆண்டுகளில்தான். கல்வராயன் மலைக் கிராமங்களிலும் அதற்குக் கீழே நம் சமவெளியிலும் பாடிய நடவுப் பாட்டு, ஒப்பாரி, கூத்து எல்லாம் எங்கேயாவது இருக்கிறது என்றால் அப்படிப்பட்ட கேசட்டில்தான் இருக்கும்.

இனி மாணவர் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

ஒலியை எண்ணாக மாற்றுவது என்றால், நொடிக்குப் பல்லாயிரம் முறை அதை அளந்து எழுதிவைப்பது. மனிதக் காது கேட்கும் எல்லை சுமார் 20,000 அதிர்வு. அதைப் பிடிக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல், அதாவது நொடிக்கு 40,000 முறைக்கு மேல் அளக்க வேண்டும். எழுபதுகளில் இவ்வளவு எண்களை எழுதிவைக்கக் கணினி வட்டுகளில் இடம் இல்லை. அவ்வளவு தகவலைத் தாங்கக்கூடிய மலிவான பொருள் வீடியோ நாடா ஒன்றுதான். எனவே ஒலியின் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி, ஒரு படம் போல வீடியோ நாடாவில் பதிந்தார்கள். அந்த நாடாவை டிவியில் போட்டால் புள்ளிகள் மின்னுவதுதான் தெரியும். உண்மையில் அது இசை.

வீடியோவின் ஒரு கோட்டில் 3 அளவுகள் வைத்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு களத்துக்குப் பயன்படும் கோடுகள் 245, நொடிக்குக் களங்கள் 60. 3 × 245 × 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், நொடிக்கு 50 களங்கள். 3 × 294 × 50 = 44,100. இரண்டு முறைக்கும் ஒரே விடை! 1982 அக்டோபரில் சோனியும் பிலிப்ஸும் உருவாக்கிய சிடி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதே 44,100 தான் அதன் அளவானது. இசைக்கென்றே பிறந்த சிடியின் எண், வீடியோ நாடாவின் கோடுகளை எண்ணி வந்தது. ஒலி படத்தின் முதுகில் ஏறி வந்த முதல் தடம் இது.

வீடியோ உலகம் தனக்கு 48,000 என்ற எண்ணைத் தேர்ந்துகொண்டது. காரணம் எளிது. 48,000-ஐ 24-ஆல் வகுத்தால் 2,000. 25-ஆல் வகுத்தால் 1,920. 30-ஆல் வகுத்தால் 1,600. படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் முழு எண்ணிக்கையில் ஒலி அளவுகள் கிடைக்கும். 44,100-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,837.5. அரை அளவை எங்கே வைப்பது? டிவிடி 48,000 வழியில் போனது. 2006-இல் கடைக்கு வந்த ப்ளூ-ரேயும் அப்படியே. ப்ளூ-ரே ஏற்கும் அளவுகள் 48,000, 96,000, 192,000. சிடியின் 44,100-க்கு அங்கே இடம் கிடையாது. கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது பெரும்பாலான மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வதோ 44,100. மாணவரின் கோப்பு "செல்லாது" ஆனதற்குக் காரணம் இதுதான்.

குரல் கீச்சென்று ஆனது ஏன்? 44,100 முறை அளந்த ஒலியின் மேல் "இது 48,000" என்று சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினால், கருவி நொடிக்கு 48,000 அளவுகளை இழுத்துக்கொண்டு ஓடும். வேகம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். 60 நிமிடக் கேசட் 55 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல் மேலே ஏறும். சீட்டை மாற்றக் கூடாது. ஒலியையே புதிதாகக் கணக்கிட்டு 48,000-க்கு மாற்ற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளே இதைச் சரியாகச் செய்யும்.

படம் கேட்பது ஏன்? ப்ளூ-ரே திரைப்படத்துக்காகப் பிறந்த டிஸ்க். படத்தையும் ஒலியையும் சிறு பொட்டலங்களாக நறுக்கி, எது எப்போது வர வேண்டும் என்ற நேரக் குறிப்போடு ஒரே ஓடையாகக் கலந்து வைக்கிறது. படம் முதலாளி, ஒலி கூட்டாளி. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான ஆத்தரிங் மென்பொருள், முதலாளி வராமல் கடையைத் திறக்காது.

இசைக்காரர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. உயர்தர இசைக்கென்று 1999-இல் சூப்பர் ஆடியோ சிடியும் 2000-இல் டிவிடி-ஆடியோவும் வந்தன, மக்களிடம் பரவவில்லை. 2008-இல் நார்வேயின் டூ எல் என்ற இசைத்தட்டு நிறுவனம் ப்ளூ-ரேயிலேயே இசையை மட்டும் வெளியிட்டது. 2013-இல் யுனிவர்சல் நிறுவனமும் அதே வழியில் இறங்கியது. அவர்கள் செய்ததும் மாணவர் செய்ததைப் போன்றதே: திரையில் அசையாத ஒரு படம், பின்னால் இசை. டிவியைப் போடாமலே ரிமோட்டின் எண் பொத்தானால் பாட்டைத் தேர்ந்துகொள்ள வசதி செய்தார்கள், அவ்வளவுதான்.

இடையில் திரையரங்கிலும் பழைய கதை ஒருமுறை திரும்பி வந்தது. 1993-இல் 'ஜுராசிக் பார்க்' படத்தோடு வந்த டிடிஎஸ் முறையில் ஒலி மறுபடியும் தனி டிஸ்க்குக்குப் போனது. பிலிமின் ஓரத்தில் நேரக் குறி மட்டும். ஒலி பக்கத்தில் சுழலும் சிடியில். தமிழில் 'கருப்பு ரோஜா' (1996) டிடிஎஸ் ஒலியோடு வந்தது. வைட்டாஃபோன் தட்டின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

வீட்டுக் கேசட்டை டிஸ்க்காக மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கேசட்டை ஏற்றும்போதே 48,000 என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், ப்ளூ-ரே படப்பிரிவில் அது செல்லாது, தரமும் குறையும். வேவ் கோப்பாக வையுங்கள்.

இரண்டாவது, பழைய டேப் ரெக்கார்டர்கள் பல ஒற்றை ஒலி. இடது பக்கம் மட்டும் கேட்டால் அதையே வலது பக்கத்துக்கும் நகல் எடுத்து இரண்டு பக்கமாக்குங்கள்.

மூன்றாவது, ஒரு புகைப்படத்தை 1920 × 1080 அளவில் வைத்து, ஒலியின் நீளம் முழுக்க அதை நீட்டுங்கள். படம் முன்னால் முடிந்தால் ஒலியும் அங்கேயே அறுபடலாம்.

நான்காவது, ஒலியை இரண்டு பக்க எல்பிசிஎம் ஆகவே வையுங்கள். புதுவகை டால்பி, டிடிஎஸ் முறைகளில் சுருக்கினால், சில வீடுகளில் பழைய டிவிக்கு அது புரியாது. படம் தெரியும், சத்தம் வராது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

ஐந்தாவது, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் அத்தியாயக் குறி போடுங்கள். அப்போதுதான் ரிமோட்டில் அடுத்த பாட்டுக்குத் தாவலாம்.

ஆறாவது, கோப்புகளை வெறுமனே டிஸ்க்கில் நகல் எடுப்பது வேறு, ப்ளூ-ரே படமாகக் கட்டுவது வேறு. முன்னது கணினியில் திறக்கும். பல பிளேயர்களில் திறக்காது. எழுதி முடித்ததும் இரண்டு வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்த்த பிறகே மற்ற பிரதிகளை எழுதுங்கள்.

இடத்துக்குப் பஞ்சம் இல்லை. நொடிக்கு 48,000 அளவு, ஒவ்வொன்றும் 2 பைட், இரண்டு பக்கம்: நொடிக்கு 1,92,000 பைட். ஒரு மணிக்கு ஏறத்தாழ 69 கோடி பைட். 25 ஜிபி டிஸ்க்கில் சுமார் 35 மணி நேரம் அடங்கும். 74 நிமிடம் கொண்ட சிடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தப் பதிவின் முக்கியமான செய்தி இனிமேல்தான். டிஸ்க்கைக் கட்டி முடித்ததும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம் நாம் எழுதிக்கொள்ளும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. புது மடிக்கணினிகளில் டிஸ்க் போடும் இடமே இல்லை. டிஸ்க் என்பது சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நல்ல பொருள். குரலுக்கு நிரந்தர வீடு ஆகாது. படத்துக்கான பெட்டியில் ஒலியை வைத்தால், அந்தப் பெட்டி போகும்போது ஒலியும் போகும். ஆலம் ஆரா கற்றுத் தந்த பாடம் அது. ஒலியை ஒலியாகவே, தனிக்கோப்பாக, மூன்று இடங்களில் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளை வீட்டில். கோப்பின் பெயரிலேயே பாடியவர் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். இருபது ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு அது யார் குரல் என்று தெரிய வேண்டும் அல்லவா?

2024 ஜூன் மாதம் நம் கருணாபுரத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். கள்ளச்சாராயத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. போனவர்களின் படத்தை வீட்டில் மாலை போட்டு மாட்டலாம். ரேஷன் அட்டை, ஆதார் என்று எதிலிருந்தாவது ஒரு படம் கிடைத்துவிடும். குரல் அப்படிக் கிடைக்காது. கைபேசியில் அனுப்பிய ஒரு வார்த்தை, யாரோ கல்யாணத்தில் எடுத்த வீடியோவில் பின்னால் கேட்கும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் மிஞ்சும். கைபேசி மாறினால் அதுவும் இல்லை. ஒரு குழந்தை வளர்ந்து, "எங்கப்பா எப்படிப் பேசுவார்?" என்று கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

எனவே பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் இந்த மாதமே இறக்குங்கள். நாடாவில் பூசிய துகள் ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்ட டேப் ரெக்கார்டர் இல்லாதவர்கள் கீழே எழுதுங்கள். இருப்பவர்கள் அவர்களுக்கு உதவுங்கள். கேசட்டே இல்லாதவர்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று இரவே கைபேசியைப் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டோ, பழைய கதையோ கேட்டுப் பதிவு செய்யுங்கள். படம் எடுக்கிறேன் என்றால் வெட்கப்பட்டுப் பேச மாட்டார்கள். ஒலி மட்டும் போதும்.